மேலிருந்து பதில் வரும்வரை

விசில். மறுபடி விசில். லத்தி என் ஸ்கூட்டியின் இடது கண்ணாடியில் இறங்குகிறது. சில்லுகள் மடியில் கொட்டுகின்றன.

"திருப்பு! வண்டிய திருப்பு! சொன்னா கேக்க மாட்ட?"

நான் கத்துகிறேன். "சார், பாம்பு கடிச்சிடுச்சு சார்! கொழந்தைய சார்!" முகக்கவசத்துக்குள் என் குரல் எனக்கே கேட்கவில்லை. போலீஸ் ஜீப்பின் மேல் ஒலிபெருக்கி. பதிவு செய்த ஒரு குரல் அதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியே வராதீர்கள். வெளியே வராதீர்கள். அதற்கு மேல் விசில்.

இரண்டாவது அடி என் மகளின் தோளில் விழுகிறது. அவள் கத்தவில்லை. தம்பியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். தோளைத் தேய்க்கக் கையை எடுத்தால் அவன் சரிந்துவிடுவான்.

"வாய்ல சொன்னா வண்டிய சீஸ் பண்ண மாட்டேன்னு நெனப்பா? ஓடு!"

ஓடினேன்.

இது இரண்டாயிரத்து இருபது. சித்திரை பிறந்து சில நாட்கள். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலை. வெயில் ஏறிக்கொண்டிருந்த காலை. நான் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மகன் முகிலனுக்கு ஒன்பது வயது. மகள் தமிழ்ச்செல்விக்குப் பதினேழு. கணவர் ஒரகடத்தில் கம்பெனி விடுதியில் அடைபட்டிருந்தார். ஊரடங்கில் வர அனுமதி இல்லை.

போர் என்று பெயர் வைத்தது நாங்கள் அல்ல. தொலைக்காட்சியில் சொன்னார்கள். இது யுத்தம், எதிரி கண்ணுக்குத் தெரியமாட்டான் என்றார்கள். நோய் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த நோயில் என் சித்தப்பாவைப் பின்னால் பறிகொடுத்தேன். நான் எழுத வந்தது வேறு. கண்ணுக்குத் தெரியாத எதிரியைத் தேடச் சொன்னால் மனிதன் கண்ணுக்குத் தெரிகிறவனைத்தான் பிடிக்கிறான். சில வாரங்களில் எதிரிக்கு இரண்டு கால் முளைத்துவிட்டது. வெளியூர்க்காரன் என்று அதற்குப் பெயர்.

முகிலனைப் பம்புசெட்டு அருகில், வைக்கோல் போர் ஓரத்தில் கடித்தது. கண்ணாடி விரியன். பக்கத்து நிலத்துக்காரர் அடித்துக் கொன்றார். செத்த பாம்பை என் டிபன் டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். பாம்பையும் எடுத்துக்கொண்டு போனால்தான் டாக்டர் சரியான ஊசி போடுவார் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அறிவியல் சொல்லிக் கொடுக்கிற நானும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கியிருப்பேன்.

ஆம்புலன்ஸுக்குப் பேசினோம். வண்டி வேறு கேஸில் இருக்கிறது, ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பிறகு கேட்டார்கள்: "உங்க ஊருக்கு ரோடு இருக்குதுங்களா?"

இல்லை. எங்கள் ஊர்க்காரர்களே ஜேசிபி வைத்து ரோட்டைக் குறுக்கே வெட்டியிருந்தார்கள். வெளியாள் வரக் கூடாது என்று. பக்கத்து ஊரும் அப்படியே. அதற்கடுத்த ஊரில் பனைமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பள்ளத்தின் ஓரத்தில் ஒரு பலகை கிடந்தது. பால்காரருக்காகப் போட்டது. அதன்மேல் ஸ்கூட்டியை உருட்டித்தான் நாங்கள் மூன்று பேரும் வெளியே வந்தோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசி போட்டார்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். நர்ஸ் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை எடுத்துக் காட்டுவதற்குள்தான் லத்தி வந்துவிட்டது.

பெரிய சாலையை விட்டு ஏரிக்கரை மேல் போகிறோம். மண் பாதை. மேலே ஒரு சத்தம். பெரிய வண்டு ரீங்காரம் போடுவது போல. ட்ரோன். தமிழ்ச்செல்வி அண்ணாந்து பார்க்கிறாள்.

"அம்மா, நம்மள படம் புடிக்குதும்மா."

"பாக்காத. அவன் காலப் பாரு."

கால் முழங்கால்வரை வீங்கிவிட்டது. தோல் பளபளக்கிறது. அவன் தண்ணீர் கேட்டான். கொடுத்தோம். துப்பினான். தண்ணீரில் ரத்தம். ஈறிலிருந்து வந்தது.

கரை இறங்கினால் ஒரு ஊர். மாகறலுக்கு முன்னால். பெயர் எழுதப் போவதில்லை. எல்லா ஊரும் அன்று அந்த ஊராகத்தான் இருந்தது.

ஊர் எல்லையில் வேலிக்காத்தான் முள்ளை மலைபோல் குவித்திருந்தார்கள். அதற்குப் பின்னால் ஆறேழு பேர். கையில் கம்பு. மேலே ஆரஞ்சுச் சட்டை. முதுகில் 'தன்னார்வலர்' என்று அச்சடித்திருந்தது. அவர்களில் ஒருவரைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. சேகர். எங்கள் பள்ளி வேன் ஓட்டுகிறவர். நான்கு வருடமாக என் மகனைத் தினமும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வேனில் ஏற்றியவர்.

"சேகர்! முள்ளத் தள்ளுங்க! முகிலன பாம்பு கடிச்சிடுச்சு!"

"அங்கயே நில்லுங்க டீச்சர்! கிட்ட வராதீங்க!"

நின்றேன்.

"டீச்சர், பாஸ் எதுனா கீதா?"

"சேகர், இவன் முகிலன்."

"தெரியுது டீச்சர். பாஸ் கீதான்னுதான் கேக்கறேன்."

சீட்டைக் காட்டினேன். தூரத்திலிருந்தே பார்த்தார். அதில் சீல் இல்லை என்றார் இன்னொருவர். பாம்பு கடித்ததற்கு என்ன அத்தாட்சி என்றார் மற்றொருவர். நான் டப்பாவைத் திறந்தேன். ஆறேழு பேரும் பின்னால் குதித்தார்கள். ஒருவர் சிரித்துவிட்டார். "செத்ததுக்கே இப்டி ஓடுறியேடா, நீ வைரஸ புடிக்கப் போறியா?"

சேகர் போனை எடுத்தார். முள்ளுக்கு மேலாகக் கையை நீட்டிப் பாம்பைப் படம் எடுத்தார். பிறகு என் மகனைப் படம் எடுத்தார். ஊருக்குள் விடும் ஆட்களை வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுச் சொல்ல வேண்டும். அதிகாரிகள் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவர்கள் சரி என்றால்தான் முள் நகரும். அதுதான் ஏற்பாடு.

"போட்டுட்டேன் டீச்சர். மேலருந்து பதில் வரட்டும். ரெண்டே நிமிஷம்."

நாங்கள் நிற்கிறோம். வெயில். நிழல் முள்ளுக்கு அந்தப் பக்கம் இருந்தது. போன் டிங் என்றது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"பாம்பு தெளிவா தெரியலயாம் டீச்சர். இன்னொரு படம் கேக்கறாங்க."

மறுபடி டப்பாவைத் திறந்து பிடித்தேன். "ஆட்டாதீங்க டீச்சர்" என்றார் சேகர். அதைக் கனிவாகத்தான் சொன்னார்.

இந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் பெருமழையில் ஏரி உடைந்தது. ஒரு ஆந்திர லாரியைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தவர் சேகர். டிரைவரின் பெயர் அவருக்குத் தெரியாது. மொழியும் தெரியாது. யாரிடமும் கேட்கவில்லை. குதித்தார். அதே சேகர்தான் இங்கே போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இவர் கெட்டவராகிவிடவில்லை. வெளியாள் ஒருவன் நுழைந்தால் கேஸ் உன் மேல்தான், ஊரையே தகரம் அடித்து மூடிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். சட்டை கொடுத்தார்கள். குழுவில் சேர்த்தார்கள். குதிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வேலையை மட்டும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அவரும் கொடுத்துவிட்டார். கொடுத்ததும் மனிதருக்கு எவ்வளவு பாரம் குறைந்துவிடுகிறது என்பதை அவர் முகத்தில் பார்த்தேன்.

தண்ணீர் கேட்டேன். ஒருவர் சொம்பைக் கொண்டுவந்தார். கீழே வைக்கவில்லை. முள்ளுக்கு மேலிருந்து உயரத் தூக்கி ஊற்றினார். நான் குனிந்து இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினேன். பாதி மண்ணில் போனது. எங்கள் ஊரில் காலனி ஆட்களுக்கு இப்படித்தான் ஊற்றினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் சாதிக்காரர்கள்தான் ஊற்றியவர்கள். ஏந்துகிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடும். முகம் தரையைத்தான் பார்க்கும்.

ஹாரன் சத்தம். ஊருக்குள்ளிருந்து ஒரு குட்டி யானை வண்டி வந்து முள்ளுக்குப் பின்னால் நிற்கிறது. பின்னால் கத்திரிக்காய் மூட்டைகள். கண்ணாடியில் காய்கறி பாஸ் ஒட்டியிருக்கிறது. ஓட்டி வந்தவர் ஏசுராஜ். அந்த ஊர்க் காலனிக்காரர். இந்தப் பெயரெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவரை எனக்குத் தெரியாது. எங்களை அவருக்கும் தெரியாது.

முள்ளைத் தள்ளினார்கள். வண்டி தாண்டி வந்தது. போய்விடும் என்று நினைத்தேன். நின்றது. அவர் இறங்கினார். மகனின் காலைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேள்வியே கேட்காத முதல் ஆள். மூட்டைகளை இரண்டு பக்கமும் தள்ளி நடுவில் ஒரு பள்ளம் செய்தார்.

"டேய் ஏசு! இன்னா பண்ற? உனக்குக் கத்திரிக்காய்க்குத்தான்டா பாஸ்! கொயந்தைக்கு இல்ல!"

"அப்ப கத்திரிக்காய்னு எய்திக்கோ."

"பதில் வரலடா இன்னும்!"

"வந்தா சொல்லு. நான் போய்க்கினே கேட்டுக்கறேன்."

"வண்டிய புடுங்கிக்குவாங்கடா!"

"உன் வண்டியா? என் வண்டிதான?"

முகிலனை அவர்தான் தூக்கினார். தமிழ்ச்செல்வி ஏறினாள். நான் ஏறினேன். "படுத்துக்கங்கம்மா" என்றார். மேலே தார்ப்பாய் விழுந்தது. என் ஸ்கூட்டி முள்ளுக்கு இந்தப் பக்கம் ரோட்டோரம் நின்றது. சாவியும் அதிலேயே இருந்தது. பாஸ் ஒட்டிய வண்டி என்பதால் நேராகப் பெரிய சாலைக்கே ஏறியது.

தார்ப்பாய்க்குள் இருட்டு. கத்திரிக்காய்க் காம்பு முதுகில் குத்துகிறது. கோணி நாற்றம். மகனின் மூச்சு சத்தமாக இருக்கிறது. செல்வி அவன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வருகிறாள். வாய்ப்பாடு. எட்டாம் வாய்ப்பாடு. அவன் பதில் சொல்லாதபோது அவளே பதிலும் சொல்கிறாள்.

பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. பூட்ஸ் சத்தம். பக்கத்தில் வந்தது. தார்ப்பாயின் ஒரு மூலை உயர்ந்தது. வெளிச்சம். ஒரு காவலரின் முகம். கண்கள் மட்டும். நான் கும்பிட்டேன். படுத்துக்கொண்டு கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். மகனின் வாயோரத்தில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். தார்ப்பாய் இறங்கியது.

வெளியே அவர் குரல். தணிந்த குரல்.

"நான் பாக்கல. போ."

பிறகு சத்தமாக, மற்றவர்களுக்கு: "காய்தான்! வுடு வுடு!"

காஞ்சிபுரம் எல்லையில் ஓரிக்கையைத் தாண்டும்வரை கும்பிட்ட கைகளை நான் பிரிக்கவில்லை.

அன்றைய நாளைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன். உண்மை பேசிய எல்லோரும் முள்ளுக்குப் பின்னால் நின்றார்கள். விதியை மீறவில்லை. ஒரு பொய் சொல்லவில்லை. என் பிள்ளையைக் காப்பாற்றியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கத்திரிக்காய் என்று பொய் சொன்னார். இன்னொருவர் பார்க்கவில்லை என்று பொய் சொன்னார். பொய் சொல்லாதே என்று வகுப்பில் சொல்ல வேண்டிய இடம் வரும்போதெல்லாம் இப்போது என் நாக்கு தடுக்குகிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் மகனைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். டப்பாவை யாரும் திறந்து பார்க்கவில்லை. வீக்கத்தையும் ரத்தத்தையும் பார்த்தே டாக்டர் ஊசி போட்டார். நான் வெளியே வந்து ஏசுராஜைத் தேடினேன். போயிருந்தார். காய் வாடிவிடும் என்று அவசரமாகக் கிளம்பினாராம்.

அன்று மதியம் மேலிருந்து பதில் வந்தது.

முள்ளுக்கு முன் நின்றபோது எங்களுக்காகக் கேட்ட அதே கேள்விக்கு வந்த பதில்தான். இடையில் குழுவில் இன்னொரு செய்தியும் போயிருந்தது. காய்கறி வண்டியில் ஆட்கள் ஏறிப் போய்விட்டார்கள், நாங்கள் பொறுப்பில்லை என்று. போடாமல் இருந்தால் கேஸ் தங்கள் மேல் வரும் என்று பயந்து போட்டது. வந்த பதில் இதுதான்: வண்டியைப் பிடி.

சந்தையிலிருந்து திரும்பும் வழியில் பிடித்தார்கள். பாஸைக் கிழித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர் என்று சொல்லி அவர் தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். இரண்டு பக்கமும். தகரம் அடிக்கும் சத்தம் ஊருக்கே கேட்டதாம். ஊர்ப்பக்கம் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. காலனியைத்தானே அடைக்கிறார்கள்.

அந்தத் தெருவில் ஏசுராஜின் அப்பா இருந்தார். மரியதாஸ். ஊர் நிலங்களில் வாழ்நாள் முழுக்க ஏர் ஓட்டியவர். ஏற்கெனவே நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாத்திரை தீர்ந்தது. தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்ற தன்னார்வலர்களிடம் ஏசுராஜ் மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதையும் படம் எடுத்தார்கள். குழுவில் போட்டார்கள். ஒரு நாள் விடிந்ததும் மரியதாஸுக்கு வலி வந்தது. "தகரத்த கழட்டுங்கடா! டேய், கழட்டுங்கடா!" என்று ஏசுராஜ் உள்ளேயிருந்து குத்தினார். வெளியே நின்றவர்கள் சுத்தியலோடுதான் நின்றார்கள். மேலே கேட்டிருந்தார்கள். பதில் வருவதற்குள் அந்தப் பெரியவர் போய்விட்டார்.

இதெல்லாம் ஆஸ்பத்திரியில் எங்களுக்குத் தெரியாது. முகிலனுக்குச் சிறுநீரகம் நின்று டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. செல்வியின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. யாரோ அனுப்பி, யாரோ அனுப்பி வந்தது. காய்கறி வண்டியில் ஆள் ஏற்றியதற்காகத் தகரம் அடைத்த தெருவில், மாத்திரை கிடைக்காமல் செத்த பெரியவர் என்று கீழே எழுதியிருந்தது. நான்கு பேர் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிப் போகிறார்கள். பின்னால் ஒருவர் மட்டும் நடக்கிறார். செல்விக்கு அவரை அடையாளம் தெரிந்தது.

"அம்மா, இது அந்த வண்டிக்காரர்."

நான் பார்த்தேன்.

"நாம ஏறாம இருந்திருந்தா அந்தத் தாத்தா இருந்திருப்பாரும்மா."

"ஏறாம இருந்திருந்தா தம்பி இருந்திருக்க மாட்டான்டி."

"ஆமாம்மா. அதான் சொல்றேன்."

போனை அணைத்துப் பைக்குள் வைத்தாள். நான் ஏதாவது பேசியிருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஊரடங்கு தளர்ந்தபின் ஏசுராஜ் வீட்டுக்குப் போனேன். பணம் கொண்டுபோனேன். வாங்கவில்லை. காப்பி கொடுத்தார். கண்ணாடி டம்ளரில், கையில் கொடுத்தார். "புள்ள நடக்கறானா?" என்று மட்டும் கேட்டார். நொண்டி நடக்கிறான் என்றேன். "நடக்கறான்ல" என்றார். என் நன்றியைக் கேட்கும் நிலையில் அவர் இல்லை. சீக்கிரம் எழுந்துவிட்டேன்.

சேகரையும் பார்த்தேன். பள்ளி திறந்தபின் அதே வேன். முகிலனைத் தூக்கி ஏற்றக் கை நீட்டினார். முகிலன் தானே ஏறிக்கொண்டான்.

"டீச்சர், என் மேல கோவமா?"

"இல்ல சேகர்."

"நான் இன்னா டீச்சர் தப்பு பண்ணேன்? இன்னா சொன்னாங்களோ அதச் செஞ்சிக்கினு இருந்தேன். பதில் வந்திருந்தா நானே முள்ளத் தள்ளியிருப்பேன். சத்தியமா தள்ளியிருப்பேன்."

தள்ளியிருப்பார். எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

சென்ற மாதம். வாலாஜாபாத் சாலை. செல்வி வண்டி ஓட்டுகிறாள், நான் பின்னால். முன்னே போன பைக் மணலில் சறுக்கி விழுந்தது. ஓர் ஆண். தலைக்கவசம் தனியாக உருண்டது. கை அசைந்தது. செல்வி வேகத்தைக் குறைக்கவில்லை.

"நிறுத்துடி! நிறுத்து!"

"வேணாம்மா. போன் பண்ணி சொல்லிக்கலாம்."

"நிறுத்துடி செல்வி!"

"யாருன்னு தெரியாதும்மா. நாம நின்னா நமக்கும் கஷ்டம், அந்தாளுக்கும் கஷ்டம். கேஸ் ஆனா யாரு பாப்பாங்க?"

நான் ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கப் பார்த்தேன். அப்போதுதான் நிறுத்தினாள். நான் ஓடினேன். அதற்குள் பேருந்திலிருந்து நான்கைந்து பேர் இறங்கிவிட்டார்கள். அவரை நிழலுக்குத் தூக்கினார்கள். பிழைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். திரும்பிப் பார்த்தேன். செல்வி வண்டியை அணைக்கவில்லை. கையில் போன் இருந்தது. அவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாராவது கேட்டால் காட்ட வேண்டுமாம்.

தம்பி காதில் எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வந்த பெண் அவள்தான்.

இழந்ததை எழுதிவிடுகிறேன். யாரும் எழுதி வைக்கப் போவதில்லை.

மரியதாஸ். ஏசுராஜின் தகப்பனார். நோய் அவரைக் கொல்லவில்லை. நோயில் இறந்தவர்கள் பட்டியலில் அவர் இல்லை. வேறு எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஏசுராஜின் குட்டி யானை. இரண்டு மழைக்காலம் காவல் நிலைய வாசலில் நின்றது. திரும்பக் கிடைத்தபோது இருக்கைக்குள் செடி முளைத்திருந்தது. இப்போது அவர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார்.

முகிலனின் வலது காலில் இரண்டு விரல்கள். ஒரு சிறுநீரகம் பாதி.

என் ஸ்கூட்டி கிடைத்தது. முள்வேலியைத் தாண்டாமல் நின்ற இடத்திலேயே நின்றது. அதை இழப்பில் சேர்க்கவில்லை.

சேகர் உயிரோடு இருக்கிறார். ஏரி மறுபடி உடைந்தால் குதிப்பாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

தமிழ்ச்செல்வி. வயது இருபதைத் தாண்டிவிட்டது. நர்சிங் படிக்கிறாள். உடம்பில் காயம் இல்லை. தோளில் இருந்த தழும்பும் மறைந்துவிட்டது. அவளையும் இங்கே எழுத வேண்டும். எழுதத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய், அவள் அறையில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வருகிறேன். இருக்கிறாள்.